எர்மீனியோ உட்கார்ந்த நாற்காலிகள்

மிலானுக்குப் பக்கத்தில் எங்கள் கபியாத்தேயில் பிறந்த ஆண்பிள்ளை நாற்காலி செய்வான், இல்லையென்றால் நாற்காலிக்கு மெருகு போடுவான், அதுவும் வராவிட்டால் நாற்காலியை லாரியில் ஏற்றுவான். எர்மீனியோ த்ரெஸ்ஸி ஒருவர்தான் நாற்காலியை உடைக்கவென்றே பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் பெஞ்சை உடைத்தார். முதல் நற்கருணை வாங்கிய அன்று கோயிலில் மண்டியிடும் பலகையை உடைத்தார். "கடவுள் முன்னால பணிவு வேணும்தான்டா, அதுக்காகப் பலகையையும் சேத்துப் பணிய வைக்காத" என்று பாதிரியார் காதைத் திருகினார். ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது மருத்துவர் இவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இந்த ஆளுக்குச் சீருடை தைக்கிற துணியில் ஒரு பட்டாளத்துக்கே கூடாரம் அடித்துவிடலாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்.

ஊர் அவருக்கு வைத்த பெயர் 'அலமாரி'. அவர் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. அலமாரி எங்கள் பக்கத்தில் மரியாதையான சொல். அதை விற்றுத்தான் பாதி ஊர் வீடு கட்டியிருக்கிறது.

நாற்பது வயதுவரை அவர் அத்தீலியோவின் பட்டறையில் அட்டைப்பெட்டி கட்டும் பிரிவில் இருந்தார். அத்தீலியோ அப்போதெல்லாம் தங்க முலாம் பூசி, சிங்கக்கால் வைத்து, ராஜா காலத்து மாதிரி நாற்காலிகள் செய்து தெற்கத்திக் கல்யாணப் பெண்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் தெற்கத்திப் பெண்களுக்கும் புத்தி வந்துவிட்டது. சிங்கக்கால்கள் கிடங்கில் அடுக்கடுக்காக நின்று தூசி தின்றன. அந்தச் சமயத்தில்தான் மிலானிலிருந்து ஃபுல்வியோ வந்தார். ஆர்க்கிடெக்ட். தட்டு மாதிரி வட்டக் கண்ணாடி, கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டை. கட்டடம் ஒன்றும் கட்டியதாகத் தெரியவில்லை. கையில் ஒரு காகிதச் சுருள் மட்டும் இருந்தது.

காகிதத்தைப் பிரித்தபோது தலைமைத் தச்சர் தர்சீசியோ கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அதில் ஒரு நாற்காலி. ஒரு கால் பந்து மேல் பந்தாக நின்றது. ஒரு கால் கூம்பு. ஒன்று மின்னல் மாதிரி நெளிந்தது. நான்காவது, கோயில் தூணைக் குட்டையாக்கி நிறுத்தியது போல இருந்தது. உட்காரும் பலகைக்குக் காய்ச்சல் மருந்தின் ரோஸ் நிறம், சாய்மானத்துக்கு நீச்சல்குளத்து நீலம், ஓரத்தில் பாம்புத்தோல் போட்ட மைக்கா.

"ஷூர் அத்தீலியோ," என்றார் தர்சீசியோ, முதலாளியைப் பார்த்து. எங்கள் பக்கத்தில் 'ஷூர்' என்றால் ஐயா. "இவரு குடிச்சிட்டு வரஞ்சாரா, வரஞ்சிட்டுக் குடிச்சாரா? அதத் தெரிஞ்சுக்கிட்டா நான் எங்க ஆரம்பிக்கறதுன்னு யோசிப்பேன்."

ஃபுல்வியோ கோபப்படவில்லை. "நாற்காலிங்கிறது ஒரு கேள்வி, தர்சீசியோ."

"சரிங்க. பதில எங்க வச்சு உக்காரணும்?"

பட்டறையே சிரித்தது. ஆனால் அத்தீலியோ சிரிக்கவில்லை. இந்த மாதிரிக் கிறுக்கு நாற்காலிகளை மிலானில் ஆட்கள் வரிசையில் நின்று வாங்குகிறார்கள், வாங்கிப் பூட்டி வைக்கிறார்கள், எண் போட்டுச் சேர்க்கிறார்கள் என்று அவருக்கு மூக்கில் வேர்த்திருந்தது. அந்த வருடம் மிலானின் செப்டம்பர் மரச்சாமான் கண்காட்சிக்கே ஐந்தாறு செய்து கொண்டுபோனார். நன்றாகத்தான் போனது, கடைசி நாள் வரை. கடைசி நாள் தோரினோவிலிருந்து வந்த ஒரு பத்திரப் பதிவாளரின் மனைவி கூம்புக்கால் நாற்காலியில் உட்கார்ந்தார். கூம்பு ஒரு பக்கம் போக, அம்மாள் மறுபக்கம் போனார். அம்மாளின் தொப்பி போன இடம் இன்றுவரை தெரியாது. அத்தீலியோ ஊர் திரும்பும் வழியெல்லாம், இனிமேல் என் நாற்காலியில் ஒரு யானை உட்கார்ந்து பார்த்த பிறகுதான் மனுஷன் உட்காருவான் என்று சபதம் செய்துகொண்டே வந்தாராம்.

யானை பக்கத்திலேயே இருந்தது. அடுத்த மாதம் ஒரு மதியம் எர்மீனியோ ஒரு கையில் பொலெந்தாக் களி, மறு கையில் சாசேஜ் என்று உட்கார இடம் தேடினார். மூலையில் துணி மூடிய எதுவோ ஒன்று உயரம் சரியாக இருந்தது. உட்கார்ந்தார். துணிக்கு அடியில் இருந்தது ஃபுல்வியோவின் புது நாற்காலி, காலையில்தான் பசை காய்ந்தது. இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார். மூன்றாவது வாய்க்கு அவர் தரையில் இருந்தார், பொலெந்தா மடியில் இருந்தது.

"நாசமாப் போறவனே!" அத்தீலியோ ஓடிவந்தார். "அது எத்தன நாள் வேல தெரியுமாடா? இன்னைக்கே கணக்க முடிச்சிட்டு வீட்டுக்குப் போ!"

ஆனால் ஃபுல்வியோ உடைந்த நாற்காலிப் பக்கத்தில் குந்தி, காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "எர்மீனியோ, எங்க முதல்ல விட்டுச்சு?"

"இடது பக்கம், அந்தப் பந்துங்களுக்கு மேல. மொதல்ல முனகிச்சு சார். பொம்பளைங்க எழுந்துக்கும்போது முனகற மாதிரி. நான் வாயில இருந்தத முழுங்கறதுக்குள்ள விட்ருச்சு."

அத்தீலியோ திட்டிக்கொண்டிருந்த வாயை அப்படியே திறந்தபடி நிறுத்தினார். எர்மீனியோவை மேலிருந்து கீழாகப் பார்த்தார், பிறகு அகலவாக்கில் பார்த்தார். அடுத்த வாரம் எர்மீனியோ அட்டைப்பெட்டிப் பிரிவில் இல்லை. அவருடைய வேலையின் பெயர் 'உட்காருபவர்'.

செவ்வாய்க்கிழமை காலைதோறும் அது நடக்கும். புது நாற்காலியை நடுவில் வைப்பார்கள். எர்மீனியோ குளித்து, டை கட்டி, அப்பாவின் தொப்பியோடு வருவார். முதலில் மெதுவாக உட்காருவார். பிறகு பொத்தென்று உட்காருவார். இடமும் வலமுமாக ஆடுவார், காலின் மேல் கால் போடுவார். கடைசியில் ஒரு சிட்டிகை மூக்குப்பொடி போட்டு ஒரு தும்மல் தும்முவார். தும்மலில் பிழைத்த நாற்காலி எதிலும் பிழைக்கும் என்பது பட்டறையில் வேதவாக்காகிவிட்டது.

தாங்கியதா இல்லையா என்று சொன்னால் போதும்; தாங்காவிட்டால் தர்சீசியோ காலுக்குள் இரும்புக் கம்பி வைப்பார். ஆனால் பதவி வந்தவனுக்கு வாய் சும்மா இருக்குமா? அவர் கருத்தும் சொல்ல ஆரம்பித்தார்.

"இது மாமியார் வீட்டு நாற்காலி சார். உக்காரலாம். ஆனா சீக்கிரம் கெளம்பிடணும்னு தோணிக்கிட்டே இருக்கும்."

"இதுல உக்காந்தா பாவமன்னிப்புக் கேக்கணும்போல இருக்கு. நான் ஒண்ணும் பண்ணலயே!"

ஃபுல்வியோவுக்கு முதலில் முகம் சுருங்கியது. நாலைந்து செவ்வாய் போன பிறகு அவரே, "சொல்லு எர்மீனியோ, இது என்ன சொல்லுது?" என்று ஆவலாகக் கேட்கத் தொடங்கினார். எர்மீனியோவுக்குத் தலை கனத்துவிட்டது. சவரக்கடையில் உட்கார்ந்து சவரக்காரருக்கே நாற்காலியைப் பற்றிப் பாடம் எடுத்தார். தேநீர்விடுதி, மதுக்கடை எங்கு போனாலும் உட்காருவதற்கு முன் நாற்காலியைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். "அலமாரிக்கு இப்ப ஆணவம்தான் எட" என்றார் தர்சீசியோ.

ஒரே ஒரு நிபந்தனை இருந்தது: எடை குறையக் கூடாது. வெள்ளிக்கிழமைதோறும் அத்தீலியோ வீட்டிலிருந்து ஒரு கூடை வரும். சாசேஜ், பாலாடைக்கட்டி, முட்டைக்கோசோடு வேகவைத்த பன்றி விலா. "நேத்து சாப்பிட்டியா? மிச்சம் வைக்கலியே?" என்று விசாரிப்பார். தன் மனைவி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோதுகூட அத்தீலியோ இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை என்று அந்த அம்மாளே எல்லாரிடமும் சொன்னார்.

எடை பார்க்க மருந்துக்கடைத் தராசு பற்றவில்லை. முள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தலைசுற்றி நின்றது. ஆகவே மாதம் ஒருமுறை அத்தீலியோ அவரைச் சதுக்கத்து எடைமேடைக்கு அழைத்துப்போனார், மரம் ஏற்றிய லாரிகளை நிறுக்கிற இடத்துக்கு. கண்ணாடிக் கூண்டுக்குள் சிகரெட்டும் ரேடியோவுமாக இனெஸ் உட்கார்ந்திருப்பாள். அவள் புருஷன் ஒரு லாரிக்காரன். பெல்ஜியத்துக்குச் சரக்கு கொண்டுபோனவன் அங்கேயே ஒரு பெல்ஜியக்காரியோடு இறங்கிக்கொண்டான். அதைப் பற்றிக் கேட்டால், "சரக்க எறக்கியாச்சு, வண்டி காலி" என்பாள்.

"லாரி எங்க?" என்றாள் முதல் நாள்.

"லாரி இல்ல, ஷூரா இனெஸ். சரக்கு மட்டும்தான்" என்றார் அத்தீலியோ.

இனெஸ் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "சரக்கு பேசுமா?"

"பேசும்," என்றார் எர்மீனியோ, மேடை நடுவே நின்று. "ஆனா தொப்பியக் கழிச்சிட்டு நிறுங்க. அது எங்க அப்பா சரக்கு."

அவள் சிரித்த சிரிப்பு ஒலிபெருக்கியில் சதுக்கம் முழுக்கக் கேட்டது. பிறகு அதே ஒலிபெருக்கியில், "நூத்தி எழுபது! அடுத்த வண்டி!" என்று அறிவித்தாள். எர்மீனியோ இறங்கும்போது காது சிவந்திருந்தது. அடுத்த மாதம் வரை அவரால் பொறுக்க முடியவில்லை. மூன்றாம் நாளே, தொப்பியை மட்டும் தனியாக நிறுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்து நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் பக்கத்து ஊரான மரியானோவின் நடனக் கூடத்தில் அக்கார்டியன் வாசிப்பார்கள். இனெஸ் ஒரு வாரமும் தவறவிடமாட்டாள்.

"நீ ஆடுவியா?"

"நான் ஆடினா தரை ஆடும்."

"ஆடட்டுமே. தரைக்குத் தனியா டிக்கெட்டா வாங்கணும்?"

அப்படித்தான் போனார். ஆனால் அங்கே நடந்ததை ஊர் எதிர்பார்க்கவில்லை. எர்மீனியோ ஆடினார். வால்ஸ் ஆடினார், மசூர்க்கா ஆடினார். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல ஆட்களுக்கு நடுவே புகுந்து போனார். இனெஸ் அவரைப் பிடித்திருந்தாளா, அவர் அவளைத் தூக்கிக்கொண்டு மிதந்தாரா என்று சொல்ல முடியாது. நாற்பது வருடமாக உட்கார்ந்தும் உடைத்துமே பெயர் வாங்கிய மனிதருக்கு நிற்கத் தெரியும், சுழலத் தெரியும் என்று அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

அப்புறம் ஞாயிறு போதவில்லை. வியாழனும் போனார்கள். வெள்ளிக்கிழமைக் கூடை அப்படியே அக்கார்டியன்காரர் வீட்டுக்குப் போனது. அக்கார்டியன்காரர் பருத்தார், எர்மீனியோ இளைத்தார். இடுப்புப் பட்டைக்குப் புது ஓட்டை போட்டார், அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஒருநாள் கண்ணாடியில் பார்த்தபோது கழுத்து என்று ஒன்று தெரிந்தது. அதைப் பார்த்ததும் முதலில் சந்தோஷம் வந்தது. பின்னாலேயே நாள்காட்டியைப் பார்த்தார். எடைமேடைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

கோமோ ஏரியில் மீன்பிடிக்கிறவர்கள் வலையின் ஓரத்தில் ஈயக்குண்டு கட்டுவார்கள். எர்மீனியோ ஒரு மூட்டை வாங்கிவந்து, விரலைக் குத்திக்கொண்டு தானே கோட்டின் உட்துணியில் வரிசை வரிசையாக வைத்துத் தைத்தார். அதைப் போட்டுக்கொண்டு தேவாலயத்துப் படி ஏறும்போது அவருக்கே மூச்சு வாங்கியது.

அன்று சதுக்கத்தில் நல்ல காற்று. அத்தீலியோவின் கோட்டு பறந்தது, போஸ்ட்மேனின் கோட்டு பறந்தது. எர்மீனியோவின் கோட்டு மட்டும் சுவரில் அடித்த ஆணி மாதிரி அசையாமல் நின்றது. இனெஸ் முள்ளைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு மைக்கை வாயருகே இழுத்தாள்.

"கோட்டோட சேத்து நூத்தி எழுபது."

"சபாஷ்!" அத்தீலியோ கையைத் தேய்த்துக்கொண்டார். "கோட்டோடதானே உக்காரப் போறான்!"

மாலையில் எர்மீனியோ கூண்டுக்குப் போனபோது அவள் ரேடியோவை நிறுத்தினாள்.

"என் தராசு மேலயே ஏறி நின்னு என் கண்ணுலயே மண்ணத் தூவுறியா?"

"இனெஸ், வேல போயிடும்..."

"வாரத்துக்கு ரெண்டு தடவ உன் இடுப்புல கை வைக்கிறவ நான். எவ்வளவு போயிருக்குன்னு எனக்குத் தெரியாதா? லாரிக்காரனுங்க மரத்துக்கு நடுவுல கல்ல வச்சிட்டு வருவானுங்க. அவனுங்களையே நான் விட்டதில்ல. உன்ன விட்டுட்டேன் இன்னைக்கு. எனக்கே அசிங்கமா இருக்கு." சிகரெட்டை அணைத்தாள். "ஈயத்தக் கழட்டு. மொதலாளிகிட்டப் போயி உண்மையச் சொல்லு. அதுக்கப்புறம் வா ஆடலாம். அதுவரைக்கும் மரியானோவுல எனக்கு வேற ஆளு இல்லாமப் போகல."

எர்மீனியோ மாதாவின் மேல் சத்தியம் செய்துவிட்டு வந்தார். சத்தியத்தில் பாதியை நிறைவேற்றினார். ஈயத்தைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினார். மீதிப் பாதி தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை நடுவில் வைத்திருந்த நாற்காலி, ஃபுல்வியோ அந்த வருடக் கண்காட்சிக்காக உயிரைக் கொடுத்து வரைந்தது. பெயர் 'திங்கட்கிழமை'. மூன்றே கால்கள், மூன்றும் மூன்று நிறம். சாய்மானம் எங்கும் போய்ச் சேராத ஒரு மாடிப்படி. எர்மீனியோ ஈயமில்லாத கோட்டோடு உட்கார்ந்தார், ஆடினார், தும்மினார். அடியில் எலிக்குஞ்சு மாதிரி ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அவர் அந்த நேரத்தில் அக்கார்டியன் சத்தத்தை நினைத்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை இனெஸ் யாரோடு ஆடினாள் என்பதையும்தான்.

"என்ன சொல்லுது?" என்று கேட்டார் ஃபுல்வியோ.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். அத்தனை மாதத்தில் அவர் சொன்னதிலேயே சின்னக் கருத்து அதுதான். ஃபுல்வியோ கண் கலங்கிவிட்டார்.

செப்டம்பர் வந்தது. மிலானில் அத்தீலியோவின் அரங்கில் ஒரு மேடை போட்டு, விளக்கு போட்டு, 'திங்கட்கிழமை'யை நிறுத்தியிருந்தார்கள். டுஸெல்டோர்ஃபிலிருந்து டீக்ஹோஃப் என்ற பீர் ஆலை முதலாளி வந்தார். இந்த மாதிரி நாற்காலிகளைச் சேர்ப்பதில் பெரிய கை. அவருடைய பீரை அவரே நிறையக் குடிப்பவர் என்று வயிறு சொன்னது. காலையிலிருந்து நடந்து நடந்து கால் வீங்கிப்போய், மேடையேறி, பெருமூச்சு விட்டுக்கொண்டு 'திங்கட்கிழமை'யில் உட்கார்ந்தார்.

எலிக்குஞ்சு கத்தியது. பிறகு மாடிப்படி ஒரு பக்கம் சாய்ந்தது, கால்கள் மூன்றும் மூன்று திசைக்குப் போயின. டீக்ஹோஃப் தரையில் இருந்தார்.

அரங்கின் ஓரமாக நின்றிருந்த எர்மீனியோ ஓடினார். ஆட்களை விலக்கி, அந்த மனிதரைக் குழந்தையைப் போல இரண்டு கையாலும் தூக்கினார். தூக்கிக்கொண்டு நிற்கும்போதே தொண்டையில் நின்ற பாதி வெளியே வந்துவிட்டது.

"தப்பு என்னோடதுங்க. நாற்காலி மேல தப்பில்ல, ஆர்க்கிடெக்ட் சார் மேலயும் தப்பில்ல. நான் மெலிஞ்சிட்டேன். சொல்லாம மறச்சிட்டேன்."

"மெலிஞ்சியா?" அத்தீலியோ கத்தியது அடுத்த கூடம் வரை கேட்டது. "யாரக் கேட்டுடா மெலிஞ்ச?"

டீக்ஹோஃப் எர்மீனியோவின் கைகளில் இருந்தபடியே கண்ணாடியைச் சரி செய்தார். "என்னைக் கீழ விடுங்க. யாரும் யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்க வேண்டாம்" என்றார், தட்டுத் தடுமாறிய எங்கள் மொழியில். "தப்பு என்னுது. நான் உக்காந்திருக்கக் கூடாது. கால் வலிச்சது, மறந்துட்டேன். எங்க வீட்ல இது மாதிரி ஒரு அறை நிறைய இருக்கு. அதுல யாரும் உக்கார மாட்டாங்க. என் மனைவி தூசி தட்டக்கூட விடமாட்டா. உக்காரவா இதையெல்லாம் வாங்கறோம்?"

சுற்றி நின்ற மற்ற வாங்குபவர்களும் தலையாட்டினார்கள். ஒரு அம்மாள், தன் நாற்காலிகளில் பூனைகூட ஏறாதபடி கயிறு கட்டியிருப்பதாகப் பெருமையாகச் சொன்னார். டீக்ஹோஃப் இன்னொரு 'திங்கட்கிழமை' செய்து அனுப்பச் சொல்லி அங்கேயே உறுதி செய்தார். மற்றவர்களும் கேட்டார்கள்.

அத்தீலியோவின் முகம் கோபத்திலிருந்து கணக்குக்கு மாறுவதை எர்மீனியோ பார்த்தார். உட்காரப் போவதில்லை என்றால் உள்ளே இரும்புக் கம்பி எதற்கு? செவ்வாய்க்கிழமை எதற்கு? கூடை எதற்கு? முதலாளி அவர் தோளில் கை போட்டார்.

"எர்மீனியோ, ஒண்ணும் மனசுல வச்சுக்காத. எவ்வளவு வேணா மெலிஞ்சுக்கோ. அட்டப்பெட்டிப் பக்கம் எப்பவும் உனக்கு எடம் இருக்கு."

துரத்தியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. "வேண்டாம் ஷூர் அத்தீலியோ," என்றார். "உக்காரவே மாட்டாங்கன்னா அதப் பெட்டியில கட்டி அனுப்பறதுக்கும் எனக்குக் கை வராது." தொப்பியை எடுத்துக்கொண்டு ரயிலேறிவிட்டார். திரும்பிப் பார்த்தபோது ஃபுல்வியோ மேடைமேல் நின்று, உடைந்த மாடிப்படியைக் கையில் வைத்துக்கொண்டு, யாரோ ஒரு அடி கொடுத்தது போல விழித்துக்கொண்டிருந்தார்.

ஸ்டேஷனிலிருந்து நேரே எடைமேடைக்குப் போனார். இனெஸ் கூண்டைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டேன்."

"மொதலாளிகிட்டயா?"

"மிலான் முழுக்க."

"பொய்."

"ஒரு ஜெர்மன்காரரத் தூக்கி வச்சுக்கிட்டே சொன்னேன்."

அவள் பூட்டைத் திறந்து உள்ளே போனாள். விளக்குப் போட்டாள். "ஏறு மேல. கோட்டு வேண்டாம்." அவர் ஏறினார். முள் நின்ற இடத்தை அவள் ஒலிபெருக்கியில் சொல்லவில்லை. வெளியே வந்து காதில் சொன்னாள்.

அந்தக் குளிர்காலத்தில், மூடுபனி வாசல்வரை வந்து நின்ற ஒரு சனிக்கிழமை, கல்யாணம் நடந்தது. பெல்ஜியத்திலிருந்து பழைய புருஷன் விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தான். பாதிரியார் மாட்டேன் என்றதால் நகராட்சி அலுவலகத்திலேயே முடித்துக்கொண்டார்கள். மரியானோ கூடத்துக்காரர் எர்மீனியோவை வாசலில் நிற்க வைத்தார். டிக்கெட் கிழிக்க வேண்டும், குடித்துவிட்டு வம்பு செய்கிறவர்களைத் தூக்கி வெளியே வைக்க வேண்டும். கொஞ்சம் இளைத்திருந்தாலும் அதற்கு அவர் தாராளமாகப் போதும்.

வசந்தத்தில் ஒரு ஞாயிறு ஃபுல்வியோ அங்கே வந்தார். டிக்கெட் வாங்கினார், உள்ளே போகவில்லை, வாசலிலேயே நின்றார்.

"எனக்கு நல்ல பேரு, எர்மீனியோ. எங்க பாத்தாலும் கேக்கறாங்க. எல்லாம் கயிறு கட்டி வச்சிருக்காங்க."

"நல்லதுதானே சார்."

"உண்மையச் சொல்லு. என் நாற்காலிங்கள்ல உக்காந்து கருத்துச் சொன்ன ஒரே ஆளு நீதான். அந்தத் 'திங்கட்கிழம' எப்படி இருந்துச்சு?"

எர்மீனியோ ஒரு ஜோடிக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு யோசித்தார். "அன்னைக்கு நான் இனெஸ நெனச்சிக்கிட்டே உக்காந்திருந்தேன். கீழ என்ன இருக்குன்னே தெரியல. அவ்வளவு சொகமா இருந்துச்சு சார்."

ஃபுல்வியோ அந்த வட்டக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குள் இனெஸ் வந்து, "என்ன, ஆர்க்கிடெக்ட் சாரு சுவத்துக்கு முட்டுக்கொடுக்க வந்தாரா?" என்று அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போய்விட்டாள். மனிதருக்கு ஒரு அடிகூட வரவில்லை. ரொட்டிக்கடைக்காரர் மனைவியின் காலை மிதித்து, திட்டு வாங்கி, மறுபடி மிதித்தார். ஆனால் கூடம் மூடும்வரை போகவில்லை.

பல வருடம் கழித்து மிலானில் ஓர் அருங்காட்சியகத்தில் அத்தீலியோ பட்டறை நாற்காலிகளை எல்லாம் கூட்டி வைத்து விழா எடுத்தார்கள். அத்தீலியோ, வயதாகி, கைத்தடியோடு காரில் மரியானோ கூடத்து வாசலுக்கே வந்து எர்மீனியோவை நேரில் அழைத்தார். மேயர் வருகிறார், தொலைக்காட்சி வருகிறது, விருந்து இருக்கிறது என்றார்.

"என்னைக்கு?"

"ஞாயித்துக்கிழம மதியம்."

"அடடா," என்றார் எர்மீனியோ. "அன்னைக்கு எனக்கு வேல இருக்கே."